ஏழு கிலோவுக்குள் ஒரு ஸ்டூடியோ

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 203 ரூபா. மே மாதம் 360. இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது. ரூபா ஓரளவு தலைநிமிர்ந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். 300ஐ 1.18ஆல் பெருக்கினால் 354 வருகிறது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் படியேறி லப்டொப் வாங்கப் போகிறவருக்கு, டொலர் இன்னமும் 2022 மே மாதத்தில்தான் நிற்கிறது. இறக்குமதியாளரின் செலவும் கடைக்காரரின் லாபமும் இதற்கு மேல்.

இந்தக் கணக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கமராவை முழுத் தொழிலாகவோ பாதித் தொழிலாகவோ வைத்திருப்பவர்களுக்கானது. அவர்களுடைய ஆண்டு ஊர் ஊராய்ப் போகிற ஆண்டு. யூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, ஆடியில் செட்டியார் தெருவில் இருந்து புறப்படும் வேல், ஓகஸ்ட் 15 மடு, அதையொட்டி நல்லூரின் 25 நாள், தையிலும் ஆவணியிலும் கலியாணங்கள். கலியாணம் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் என்றால் பிரச்சினை இல்லை, வீட்டுக்கு வந்து மேசைக் கணினியில் வேலை பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ திருச்சியிலோ என்றால் அறையில் இருந்தபடியே எடிட் பண்ணவேண்டும். ரொறன்ரோவில் இருந்து வந்த மாமி, இரவு சாப்பாட்டுக்கு முன் பத்துப் படமாவது வட்சப்பில் வேண்டும் என்று நிற்பார்.

முதலில் நிறை. ஸ்ரீலங்கன் விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கைப்பைக்கு 7 கிலோ. கமராவையும் லென்ஸையும் பெட்டியில் போட்டு அனுப்பும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. பழைய ஆனால் இன்னமும் பல ஸ்டூடியோக்களில் உழைக்கிற ஒரு கனன் செட்டை எடுத்துக்கொள்கிறேன்:

5டி மார்க் 4, பற்றரி கார்ட் உட்பட – 890 கிறாம்
24-70 எஃப் 2.8 லென்ஸ், இரண்டாம் பதிப்பு – 805
70-200 எஃப் 2.8 லென்ஸ், மூன்றாம் பதிப்பு – 1,480
ஃபிளாஷ், மேலதிக பற்றரிகள், சார்ஜர், கார்ட்கள் – ஏறத்தாழ 900
வெறும் பை – ஏறத்தாழ 1,200

கூட்டினால் 5,275. லப்டொப்புக்கும் அதன் பரிவாரத்துக்கும் மிஞ்சுவது 1,725 கிறாம். கடையில் ‘எடிட்டிங்குக்கு இதுதான் சரி’ என்று முதலில் எடுத்து வைக்கப்படும் 15.6 அங்குல கேமிங் லப்டொப் 2.2 கிலோவுக்குக் குறையாது. செங்கல் மாதிரியான சார்ஜர் இன்னொரு 600 கிறாம். கணக்கு அங்கேயே உடைகிறது. 15.6 அங்குலச் சாதாரண லப்டொப்பும் 1.7 கிலோவும் சார்ஜரும் என்று எல்லையைத் தாண்டிவிடும். மிஞ்சுவது 13, 14 அங்குல வகைதான். 2020 நவம்பரில் வந்த மக்புக் எயார் எம்1 1,290 கிறாம். அதன் 30 வாட் சார்ஜர், ஒரு கார்ட் ரீடர், ஒரு சிறிய எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,540. லெனோவா திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் ஏழாம் தலைமுறை, 2019இல் வந்தது, 1,090 கிறாமில் தொடங்கும். அதன் சார்ஜர் கனம், ஆனாலும் மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். அசுஸ் சென்புக் 14 ஓஎல்இடி வகைகள் 1.2 முதல் 1.4 கிலோ. இந்த மூன்று வகையும்தான் இனி நம் பேச்சு.

அடுத்தது திரை. காசு வீணாகும் இடங்களில் இது முதலாவது. கடை ஸ்டிக்கரில் புரொசெசர் இருக்கும், ரம் இருக்கும், எஸ்எஸ்டி இருக்கும். திரையைப் பற்றி ‘ஃபுல் எச்டி’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். ஃபுல் எச்டி என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும். நிறத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

நிறத்துக்கு வேறு அளவு இருக்கிறது. அமெரிக்காவில் 1953இல் கலர் தொலைக்காட்சிக்காக வகுத்த என்டிஎஸ்சி தரம், இன்றுவரை லப்டொப் திரைகளின் அளவுகோலாக ஓடுகிறது. மலிவான லப்டொப்புகளின் திரை பெரும்பாலும் ‘45 வீதம் என்டிஎஸ்சி’. இணையத்திலும் அச்சுக்கூடத்திலும் அடிப்படையாக எடுக்கப்படும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இது மூன்றில் இரண்டு பங்குகூட வராது. ‘72 வீதம்’ என்றால் எஸ்ஆர்ஜிபி ஏறத்தாழ முழுமை.

இந்த 45க்கும் 72க்கும் உள்ள வித்தியாசம் நம் கலியாணப் படத்தில் எங்கே தெரியும் என்றால் கூறைச் சேலையில். அரக்குச் சிவப்பு 45 வீதத் திரையில் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். எடிட் பண்ணுகிறவர் என்ன செய்வார்? சிவப்பு செத்துக்கிடக்கிறதே என்று நிறச் செறிவை 15, 20 என்று ஏற்றுவார். அவர் கண்ணுக்கு இப்போது சரி. அதே படம் மாமியின் கைபேசிக்குப் போகிறது. நடுத்தர விலைக் கைபேசியிலும் இப்போது ஓஎல்இடி திரை. அது எஸ்ஆர்ஜிபியைத் தாண்டியும் நிறம் காட்டும். அங்கே சேலை தீப்பிடித்ததுபோல எரிகிறது, சரிகையின் இழைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே மஞ்சள் பட்டையாகிவிடுகின்றன, மாப்பிள்ளையின் முகம் செம்மஞ்சள். படம் பார்ப்பவரின் திரை, படம் செய்தவரின் திரையைவிட நல்லது என்ற நிலை பத்து வருடத்துக்கு முன் இல்லை. அல்பம் அச்சாகி வந்தபின் இது தெரிந்தால் மறு அச்சுச் செலவு முழுவதும் ஸ்டூடியோ தலையில். ஒரே ஒரு அல்பத்தின் மறு அச்சு, மலிவுத் திரையில் மிச்சம் பிடித்த காசைத் தின்றுவிடும்.

இன்னொரு சிக்கல்: ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர், உள்ளே வேறு வேறு திரை. திங்க்பேட் வகைகள் நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டவை. திரையைத் தெரிவுசெய்து ஓர்டர் கொடுத்தவர் யாரோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தின் கணக்காளர். அவருக்குக் கூறைச் சேலை பற்றி என்ன கவலை? எக்ஸ்1 கார்பன் ஏழில் 400 நிட்ஸ் வெளிச்சமும் 72 வீத நிறமும் உள்ள ஃபுல் எச்டி திரை கிடைக்கும். டி480 போன்ற வகைகளில் 250 நிட்ஸ், 45 வீதத் திரையே அதிகம். பாவித்த லப்டொப் கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணை, இது கோர் ஐ7, பதினாறு ஜிபி. எடுங்கோ, நல்ல சாமான்.”

“திரை என்ன பனல், தம்பி?”

“ஃபுல் எச்டி அண்ணை.”

அதற்கு மேல் அவரைக் கேட்டுப் பயனில்லை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோனால், திரையின் உற்பத்தி இலக்கத்தை அது காட்டும். அந்த இலக்கத்தைக் கைபேசியில் தேடினால் நிறமும் வெளிச்சமும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். மக்புக் எயார் எம்1இல் இந்த வேலை இல்லை. விற்கப்பட்ட எல்லாவற்றிலும் ஒரே திரை: 2,560க்கு 1,600 புள்ளி, 400 நிட்ஸ், எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான பி3 நிறவெளி.

புள்ளிக் கணக்கும் பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் படம் 6,000க்கு 4,000. மணமகளின் கண் கூர்மையாக விழுந்ததா என்று நூறு வீதத்துக்குப் பெருப்பித்துப் பார்க்கும்போது, ஃபுல் எச்டி திரையில் படத்தின் 8.6 வீதம் தெரியும். மக்புக் திரையில் 17 வீதம். சென்புக் 14இன் 2,880க்கு 1,800 ஓஎல்இடி திரையில் 21.6 வீதம். மூவாயிரம் படத்தில் இருந்து நானூறைத் தெரிவுசெய்யும் இரவில் இது கை நோவு சம்பந்தப்பட்ட எண்.

ரம் பற்றிக் கடையில் எல்லோரும் பேசுகிறார்கள், ஏன் என்று கணக்குப் போடுபவர் குறைவு. 24 மில்லியன் புள்ளி, புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட்: ஒரு படம் விரிந்தால் 144 எம்பி. ஃபோட்டோஷொப்பில் ஆறு லேயர் போட்டால் 864 எம்பி. இது 8 ஜிபிக்குள் அடங்கும். 61 மெகாபிக்சல் சொனி ஏ7ஆர் 4 வைத்திருப்பவருக்கு ஒரு லேயரே 366 எம்பி. அவர் 8 ஜிபி பக்கம் போகவே கூடாது. லைட்ரூம் கிளாசிக்குக்கு அடோபி சொல்வது குறைந்தது 8, நல்லது 16. எம்1 எயாரில் பாவித்ததாகக் கிடைப்பவை பெரும்பாலும் 8 ஜிபிதான். 24 மெகாபிக்சல்காரருக்கு அது போதும். குரோமில் இருபது தாவல் திறந்து வைக்காமல் இருந்தால். எயாரிலும் எக்ஸ்1 கார்பனிலும் ரம் பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டது, பிறகு கூட்ட முடியாது. கூட்ட முடிகிற வகை வாங்கிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் இப்போது பழுது. 2025 கடைசியில் இருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிக்கிடக்கிறது.

சேமிப்பு இடம். 24 மெகாபிக்சல் ரோ கோப்பு சராசரி 25 எம்பி என்று வைக்கிறேன். பொன்னுருக்கல் தொடங்கி வரவேற்புவரை இரண்டு கமராவில் 3,000 படம் என்றால் 75 ஜிபி. நல்லூரில் நாளுக்கு 500 படம் மட்டும் எடுத்தாலும் 25 நாளில் 312 ஜிபி. 256 ஜிபி லப்டொப்பில் இயங்குதளமும் மென்பொருளும் போக 170 மிஞ்சினால் அதிர்ஷ்டம்: இரண்டு கலியாணம், அல்லது தேருக்கு வெகுநாள் முன்பே நல்லூர் முடிந்துவிடும்.

அதற்காக 512 ஜிபி வாங்கச் சொல்லமாட்டேன். மக்புக் எயார் எம்4, 2025 மார்ச்சில் வந்தபோது 256 ஜிபி 999 டொலர், 512 ஜிபி 1,199 டொலர். அந்த 200 டொலர் நம் கணக்கில் 70,800 ரூபா. கூடுதலாகக் கிடைத்த 256 ஜிபிக்கு ஜிபி ஒன்று 277 ரூபா. வெளியே செருகும் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றை 150 டொலர் என்று போட்டாலும் 53,100. ஜிபி ஒன்று 53 ரூபா. சம்சுங் டி7 போன்ற ஒன்று 58 கிறாம்தான், நிறைக் கணக்கும் கெடாது. லப்டொப் உடைந்தாலும் அதைக் கழற்றிக்கொண்டு வரலாம்.

கார்ட் ரீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். 75 ஜிபியை நல்ல யூஎஸ்பி 3 ரீடர் விநாடிக்கு 90 எம்பி வேகத்தில் இழுத்தால் 14 நிமிடம். நடைபாதையில் வாங்கிய யூஎஸ்பி 2 ரீடர் 35 எம்பி தந்தால் 36 நிமிடம். விடிய 4 மணிக்கு முகூர்த்தத்துக்கு எழும்பவேண்டியவருக்கு அந்த 22 நிமிடம் நித்திரை.

பற்றரிக்கு மக்கள் கொடுக்கும் முக்கியத்துவம் எனக்கு மிகை என்றே படுகிறது. வெள்ளவத்தையில் ஏறி யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ், ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தக் குலுக்கலில் யார் நிறம் திருத்தப் போகிறார்கள்? வேலை நடப்பது அறையிலும் மண்டபத்து மூலையிலும். ஆனாலும் கணக்கு இதுதான்: எம்1 எயாரின் பற்றரி புதிதில் 49.9 வாட்-மணி. பாவித்ததில் 85 வீதம் மிஞ்சியிருந்தால் 42. எடிட் வேலைக்குச் சராசரி 10 வாட் என்றால் நாலு மணித்தியாலம். எக்ஸ்1 கார்பன் ஏழின் 51 வாட்-மணி, 75 வீதத்துக்கு வந்திருந்தால் 38. இன்டெல் சில்லு 16 வாட் இழுத்தால் இரண்டரை மணிகூட வராது. இரண்டும் யூஎஸ்பி-சி வழியாக ஏறுவதால் 20,000 எம்ஏஎச் பவர்பாங்க் துணைக்கு வரும். அது 74 வாட்-மணி. விமானத்தில் கேள்வியில்லாமல் கொண்டுபோகக்கூடிய எல்லை 100, அதுவும் கைப்பையில் மட்டும். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்டில் இருப்பவர்களுக்குப் பவர்பாங்கின் பெருமையை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் 400 கிறாம் மேலே போட்ட 7 கிலோவுக்குள் இல்லை. பிளேன் பயணம் என்றால் பெரிய லென்ஸா பவர்பாங்கா என்று யோசிக்கவேண்டும். அல்லது காற்சட்டைப் பைதான்.

இனிப் பெரிய கணக்கு. எம்4 எயார், 16 ஜிபி ரம்மோடு, வந்தபோதைய 999 டொலர் விலையில்: வரியோடு 353,646 ரூபா. எஸ்எஸ்டிக்கும் ரீடருக்கும் 60,000 ஒதுக்கினால் 413,646. ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 82,729. இன்னொரு பக்கம், பாவித்த எம்1 எயாருக்கு 150,000, அதே 60,000, பற்றரி மாற்ற 15,000 என்று 225,000 ஒதுக்குகிறோம். ஏற்கெனவே வயதான பொருள், மூன்று வருடம்தான் நம்புவேன். வருடத்துக்கு 75,000.

வித்தியாசம் வருடம் 7,729 ரூபா. பாவித்ததை வாங்கினால் பாதி விலை என்பது வாங்குகிற நாளின் கணக்கு மட்டுமே. அதற்காகப் பாவித்தது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்று கையில் நாலு இலட்சம் இல்லாதவருக்கு 188,646 ரூபா குறைவாகக் கட்டுவது பெரிய காரியம். பயணத்தில் தொலைந்தாலும் உடைந்தாலும் இழப்பும் அவ்வளவுக்குக் குறைவு. மாதத்துக்கு ஒரு வெளியூர் ஓர்டர் வருபவர் பாவித்ததோடு போகலாம். வாராவாரம் ஓடுபவர் கிரெடிட் கார்ட் தவணையிலாவது புதியதை வாங்குவது நல்லது. 16 ஜிபியும் ஒரு வருட உத்தரவாதமும் அந்த 7,729க்குள் அடங்கிவிடுகின்றன.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். அடோபியின் 20 ஜிபி ஃபோட்டோகிராபி திட்டம், மாதம் 9.99 டொலர், 2025 ஜனவரி 15 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. இருக்கும் 1 டிபி திட்டம் மாதம் 19.99. வருடத்துக்கு 239.88 டொலர், வரி எதுவும் சேர்க்காமல் 300ஆல் பெருக்கினாலே 71,964 ரூபா. ஐந்து வருடத்துக்கு 359,820. புத்தம் புது எம்4 எயாரின் விலையைவிட 6,174 ரூபா அதிகம்! லப்டொப்புக்கு நாலு கடை ஏறி இறங்கி ஐயாயிரம் குறைத்துவிட்டு, இதைக் கார்டில் இருந்து மாதாமாதம் போகவிட்டுக் கொண்டிருக்கிறோம்.

மாற்று இல்லாமல் இல்லை. 2009இல் தொடங்கிய டார்க்டேபிள் இலவசம். ரோ கோப்பைத் திருத்துவதற்கு லைட்ரூமில் உள்ள பெரும்பாலான வசதி அதில் இருக்கிறது, எம்1இலும் விண்டோஸிலும் ஓடும். பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் எரிச்சலாக இருக்கும் என்பதை மறைக்கவில்லை. லேயர் வேலைக்கு அஃபினிட்டி, 2025 ஒக்டோபர் 30 முதல் காசில்லாமல் கிடைக்கிறது. அல்பம் வடிவமைப்பவர் பிஎஸ்டி கோப்புத்தான் வேண்டும் என்று நின்றால் ஸ்டூடியோவின் மேசைக் கணினிக்கு ஒரு அடோபி சந்தா போதும். பயண லப்டொப்பின் வேலை தெரிவுசெய்வதும் நிறம் திருத்துவதும் பத்துப் படம் அனுப்புவதும்தான். மிச்சமாகும் காசில் நாலு நண்பர்கள் சேர்ந்து நிறம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவர் திரையிலும் வைத்தால் போதுமானது.

பாவித்ததை வாங்கப் போகிறவருக்கு இன்னும் மூன்று எண். ‘2020 மக்புக் எயார்’ என்று சொல்லி விற்பதில் இரண்டு இனம் உண்டு. மார்ச்சில் வந்தது இன்டெல், அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் ஏ2179. நவம்பரில் வந்தது எம்1, ஏ2337. பார்க்க இரண்டும் ஒன்றே. இன்டெல் எயாருக்கு அப்பிளின் 2025ஆம் ஆண்டு இயங்குதளம் கிடைக்கவில்லை, எம்1க்குக் கிடைத்தது. ஆகவே லப்டொப்பைப் புரட்டிப் பார்க்காமல் காசை எண்ணக் கூடாது. விண்டோஸ் பக்கம், 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறையாக ஏறும். ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கு முற்றாக நீக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும், பற்றரி எத்தனை சுற்று ஓடியது என்று பார்க்கவேண்டும். ஆயிரம் சுற்றில் 80 வீதம் நிற்கும்படி வடிவமைத்ததாக அப்பிள் சொல்கிறது. பிறகு உங்கள் சொந்த மெமரி கார்ட்டைச் செருகி, கூறைச் சேலைப் படம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் கைபேசியிலும் அதே படத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு சிவப்பும் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள்போல இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பழைய வீட்டு உருண்டை முள் பிளக்கோடு சார்ஜரைத் தள்ளிவிடப் பார்த்தால், 13 அம்பியர் சதுர முள் உள்ளதாக மாற்றிக் கேளுங்கள். அதற்கு யாரும் மேலதிகமாகக் காசு வாங்குவதில்லை.

கடைசியாக ஒரு சின்னச் செலவு. 75 ஜிபி கலியாணத்துக்கு 64 ஜிபி கார்ட் இரண்டு போதும். ஆனால் நான்கு வைத்திருந்தால் பயணத்தில் எதையும் அழிக்கத் தேவையில்லை: கார்ட்டில் ஒரு பிரதி, எஸ்எஸ்டியில் ஒரு பிரதி, தெரிவான நானூறும் லப்டொப்பில். எஸ்எஸ்டி ஒரு பையில், கார்ட் சட்டைப் பையில். கார்ட் அழிப்பது வெள்ளவத்தையில் மேசைக் கணினிக்கு எல்லாம் ஏறியபிறகுதான்.